மூப்பு

ஏணி வைத்தாலும் எட்டாது என்பார்கள்.
அலபாமாவின் அந்த எஃகு ஆலையில்
ஏணிக்குப் பஞ்சமில்லை.
உருட்டாலைக்கு ஒன்று, குழாய்ப் பட்டறைக்கு ஒன்று,
கிரேனுக்கு ஒன்று,
கோக் அடுப்புக்கு ஒன்று.
கடைசி ஏணிக்கு நான்கே படி.
அதன் உச்சிப்படிக் கூலி
மற்றவற்றின் முதல் படிக்கும்
கொஞ்சம் கீழே.

என் அப்பா ஈஸல் மேபெரி
போர் முடிந்து வந்த வாரம்
அந்த ஏணியில் கால் வைத்தார்.
என்ன வேலை தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.
வாசலில் ஒருவன் நின்று
முகத்தைப் பார்த்தே பிரித்துவிட்டான்,
அவனுக்குச் சல்லடைகூடத் தேவைப்படவில்லை.

அடுப்பின் தலைமேல் வேலை.
கீழே கரி வேகும்.
மேலே இவர் மூடி திறப்பார், மூடுவார்.
பூட்சுக்கு அடியில் கட்டைச் செருப்பு கட்டாவிட்டால்
ரப்பர் உருகி ஒட்டிக்கொள்ளும்.
இரண்டு மாதத்துக்கு ஒரு ஜோடி கருகும்.
கட்டைக்கான காசு சம்பளத்தில் பிடித்தம்.
அந்தச் சீட்டுகளை நான் எண்ணியிருக்கிறேன்:
நூற்று அறுபத்து மூன்று.

ஐம்பத்தெட்டில் வெண்டல் ஸ்ட்ரிக்லின் வந்தான்.
பருத்தி ஆலை மூடியதால் வந்தவன்.
வயதில் அப்பாவுக்கு மூத்தவன்,
பணியில் பன்னிரண்டு வருஷம் இளையவன்.
மஞ்சள் புகைக்கு என்ன அர்த்தம்,
காற்று திரும்பினால் எந்தப் பக்கம் ஓடவேண்டும்,
அப்பாவிடம்தான் கேட்டுக்கொண்டான்.
பதினோராம் மாதம் அவன் மேஸ்திரி.
தொப்பியைக் கழற்றி
"ஈஸல், நான் கேட்டு வாங்கவில்லை" என்றானாம்.
"பதினேழாம் மூடி கசிகிறது" என்றார் அப்பா.

மாறிக்கொள்ளலாம். தடையில்லை.
அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருந்தது.
மாறினால் பணிமூப்பு பூஜ்யம்.
உழைத்த வருஷங்களை
வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு
புதியவனாக உள்ளே போகலாம்.
ஆட்குறைப்பு வந்தால்
முதலில் வெளியே போகிறவனும் புதியவன்தான்.
வீட்டில் ஐந்து வாய்.
அப்பா பலகையைப் படித்துவிட்டு
மேலே ஏறிப் போனார், அடுப்புக்கு.

மணிக்கு நாற்பத்தொரு சென்ட் வித்தியாசம்.
கையில் வைத்துப் பார்த்தால் சில்லறை.
இருபத்தெட்டு வருஷம் அடுக்கினால்
மேட்டுத் தெருவில் ஒரு வீடு,
எனக்கு இரண்டு வருஷக் கல்லூரி,
அம்மா பிடுங்காமல் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள்.
வட்டியை நான் இன்னும் சேர்க்கவில்லை.
முப்பத்து மூன்று வயதில்
இரவுப் பள்ளியில் கணக்கெழுதப் படித்தேன்,
போட்ட முதல் கணக்கு இது.

எழுபத்துநான்கில் நீதிமன்றம்
ஏணிகளைச் சேர்த்துக் கட்டச் சொன்னது.
ஐந்நூற்று எண்பத்தெட்டு டாலருக்குக் காசோலை வந்தது.
கூடவே ஒரு தாள்:
இனி எதுவும் கேட்கமாட்டேன்.
கையெழுத்துப் போட்டார்.
கிரேன் வேலைக்குப் பெயரும் கொடுத்தார்.
பட்டியலில் அவரை மிஞ்சிய பணிமூப்பு
யாருக்கும் இல்லை.
ஆலை மருத்துவர் ஒரு குழாயைக் கொடுத்து
ஊதச் சொன்னார்.
முள் பாதிகூட ஏறவில்லை.
இன்னொரு தடவை, என்றார் அப்பா.
ஏறவில்லை.

மூப்பு கிடைத்த அதே காலையில்தான்
மூப்பும் வந்து சேர்ந்தது.

காசோலைப் பணத்தில்
சாய்வு நாற்காலி ஒன்று வாங்கினார்.
படுத்தால் மூச்சு வராது.
பழுப்பு நிறம், ஒரு கைப்பிடி கொஞ்சம் தளர்வு,
அதனால் பதினைந்து டாலர் தள்ளுபடி.

தம்பி லமார் குழாய்ப் பட்டறையில் சேர்ந்தான்,
எங்கள் குடும்பத்தில் முதல் ஆள்.
ஆறாம் வருஷம் ஆட்குறைப்பு.
கடைசியாக வந்தவர்கள் முதலில் போகவேண்டும்.
பட்டியலை
நிறம் பார்க்காமல்தான் தயாரித்தார்கள்.
லமார் அதை எனக்குப் படித்துக் காட்டினான்.
அவன் பெயருக்கு மேலும் கீழும்
எங்கள் தெருப் பெயர்களாகவே இருந்தன.

கருகாமல் மிஞ்சிய கட்டைச் செருப்பு ஒன்று
சமையலறை மேசையின் குட்டைக் காலுக்கு முட்டு.
அந்த மேசையில்தான்
கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.
ஒரு பக்கம் இன்னும் ஆடுகிறது.